காஃப்காவின் ‘க’, வெள்ளகோவிலின் ‘ந’

பலகை இழைக்கும் இயந்திரத்தில் கத்திகளைத் தாங்கிச் சுழலும் தண்டு சதுரமாக இருந்தால், தண்டுக்கும் மேசைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அதே தண்டு உருளையாக இருந்தால் இடைவெளி சுருங்கிவிடும். கை வழுக்கினாலும் விரல் போகாது, கீறலோடு தப்பிக்கலாம். 1910 வாக்கில் இதைப் படங்களோடு விளக்கி அறிக்கை எழுதியவர், ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த சட்டப் பட்டதாரி. பெயர் ஃப்ரான்ஸ் காஃப்கா. விசைத்தறிக்கும் நூற்பாலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் நடுவே வாழும் நம் கொங்கு மண்ணின் வெள்ளகோவில்காரர்களுக்கு அந்த அறிக்கையின் அவசியத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பகலில் அலுவலகம், இரவில் கதை. ஜெர்மன் மொழியில் எழுதிய அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்டது கொஞ்சம்தான். மிச்சத்தை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் ப்ராடைக் கேட்டுக்கொண்டார். 1924 ஜூன் 3 அன்று, 40 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. நண்பர் எரிக்கவில்லை. ‘விசாரணை’ 1925இலும் ‘கோட்டை’ 1926இலும் அச்சேறின. சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒருவர், கடல் கடந்த மொழிகளின் எழுத்தையெல்லாம் எப்படி மாற்றினார்?

1947இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் ஒருவரின் கைக்குக் காஃப்காவின் ‘உருமாற்றம்’ வந்தது. விற்பனைப் பிரதிநிதி ஒருவன் காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறியிருக்கிறான். அதைவிட வியப்பு, கதை அதைச் சொல்லும் தொனி. பதற்றமில்லை, விளக்கமில்லை. பூச்சியாகிப்போனவனின் கவலையெல்லாம் வேலைக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டதைப் பற்றித்தான். இப்படியும் எழுதலாமா என்று திகைத்த அந்த இளைஞருக்குத் தன் பாட்டி நினைவுக்கு வந்தார். நம்பவே முடியாத சங்கதிகளை முகம் மாறாமல் சொல்லக்கூடியவர் அந்தப் பாட்டி. அதே ஆண்டில் அவருடைய முதல் சிறுகதை நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. 1967இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ வந்தது. அவர்தான் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ்.

அவர் காஃப்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது பூச்சியை அல்ல. தன் வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே கிடந்ததை எழுத ஒரு துணிச்சல் கிடைத்தது, அவ்வளவே. இலக்கியத்தில் தாக்கம் என்று நாம் சொல்வதன் நல்ல வடிவம் இதுதான் என்பேன்.

இப்படிப்பட்ட கதையைப் படிப்பவரின் மூளையில் என்ன நடக்கிறது? ட்ராவிஸ் ப்ரூ, ஸ்டீவன் ஹைன் என்ற உளவியலாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காஃப்காவின் ‘கிராமத்து மருத்துவர்’ கதையைத் தழுவிய, முன்னுக்குப்பின் ஒட்டாத கதை ஒரு குழுவுக்கு; கோர்வையாகத் திருத்திய கதை மற்றொரு குழுவுக்கு. படித்து முடித்ததும் இரு குழுவினரும் சில எழுத்துத் தொடர்களைப் பார்த்து எழுதினார்கள். கண்டபடி கோத்தது போலத் தெரிந்தாலும் அவற்றுக்குள் ஒரு விதி ஒளிந்திருந்தது. பிறகு புதிய தொடர்களைக் கொடுத்து, எவையெல்லாம் அந்த விதியில் அமைந்தவை என்று குறிக்கச் சொன்னார்கள். ஒட்டாத கதையைப் படித்தவர்களே அதிகமாகவும் சரியாகவும் கண்டுபிடித்தார்கள். ஓரிடத்தில் அர்த்தம் அறுந்துபோனால், மனம் வேறிடத்தில் ஒழுங்கைத் தேடிக் கூர்மையாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஒரே ஆய்வை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் காஃப்காவைப் படித்த கையோடு, வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய தாலுகா அலுவலகம் புதிதாகத் தெரிவது ஏன் என்று யோசிக்க அது வழிகாட்டுகிறது.

காஃப்கா தமிழுக்கும் வந்தார். ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி நேராக ஜெர்மனிலிருந்தே தமிழாக்கினார். க்ரியா பதிப்பகம் 1992இல் வெளியிட்டது. காரணம் சொல்லாமல் கைதுசெய்யப்படும் அதன் நாயகன் பெயர் யோசஃப் க. ‘கோட்டை’யின் நாயகனுக்கு அந்த முதல் பெயரும் இல்லை, வெறும் ‘க’. நில அளவையாளராக வேலைக்கு வந்தவனைக் கோட்டைக்குள் கடைசிவரை விடமாட்டார்கள்.

வெள்ளகோவிலை ஒட்டிய கிராமத்தில் வாழும் தேவிபாரதி, ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காக 2023ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய ‘நட்ராஜ் மகராஜ்’ நாவலின் நாயகன் ‘ந’. சத்துணவு அமைப்பாளர். அரசுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்பது அவன் ஆசை. அவன் தலையில் வந்து விழுவதோ அரச வம்சத்து வாரிசு என்ற அடையாளம். என் வாசிப்பில் ‘க’வும் ‘ந’வும் பங்காளிகள். ஆனால் ‘ந’ நகல் அல்ல. காஃப்காவின் நாயகனுக்குக் கடந்தகாலம் பெரிதாகக் கிடையாது. ‘ந’வையோ கொங்கு மண்ணின் மொத்த வரலாறும் அழுத்துகிறது.

தாக்கம் பற்றிய இந்தப் பேச்சை அர்ஜென்டினாவின் எழுத்தாளர் போர்ஹெஸ் 1951இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பழைய கிரேக்கத்தின் ஸீனோ ஒரு புதிர் போட்டார்: ஓரிடத்தை அடைய முதலில் பாதித் தூரம் போகவேண்டும், அதற்கு முன் அதில் பாதி, அதற்கும் முன் அதில் பாதி, ஆகவே கிளம்பவே முடியாது. ‘கோட்டை’யின் சிக்கலும் இதேதான் என்கிறார் போர்ஹெஸ். காஃப்கா எழுதியிருக்காவிட்டால் ஸீனோவில் இந்தச் சாயல் நம் கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு எழுத்தாளரும் தன் முன்னோர்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார் என்பது அவர் வாதம்.

அப்படியானால் தாக்கம் ஒருவழிப் பாதை அல்ல. ‘நட்ராஜ் மகராஜ்’ படித்துவிட்டுக் ‘கோட்டை’க்குள் போகும் வெள்ளகோவில் இளைஞருக்கு அந்தப் பனிமூடிய ஊரின் எழுத்தர்கள் யாரும் அந்நியராகத் தெரியமாட்டார்கள். தேவிபாரதியைப் படித்த கண் காஃப்காவையும் மாற்றிப் படிக்கும். நம் ஊர் நூலகங்களில் இந்த இரண்டு புத்தகங்களும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.