ஆட்டத்தில் ஒரே அணி, தேநீருக்குத் தனிக்குவளை

தேநீர்க்கடையில் தனிக்குவளை என்றால் நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதே தனிக்குவளை கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன், பூனாவில், வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்துக் கொடுத்த பந்துவீச்சாளருக்குத்தான் அதில் தேநீர் ஊற்றினார்கள். அணியின் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். அவருக்கு மட்டும் வெளியே, குடித்ததும் தூக்கி எறியும் மண்குவளை. முகம் கழுவ வேண்டுமென்றால் மைதானத்தின் ஓரத்தில் தலித் பணியாளர் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றவேண்டும். மதிய உணவுக்குத் தனித் தட்டு, தனி மேசை.

அவர் பெயர் பல்வங்கர் பாலூ. 1876-இல் தார்வாடில் பிறந்தவர். சாதி, சமார். நம் பக்கத்து அருந்ததியர்களைப்போலத் தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சமூகம். கிரிக்கெட் பந்தும் தோலால் ஆனதுதான். அதை நாள் முழுக்கத் தொட்டு, சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்களுக்கு எந்தத் தீட்டும் ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தந்தைக்கு ராணுவத்தில் வேலை. பாலூவுக்குக் கிடைத்த முதல் வேலை, பார்சிகள் நடத்திய கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892-இல் பூனாவின் ஐரோப்பியர் கிளப்புக்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் கூடியது. வலை கட்டுவது, கோடு போடுவது, நேரமிருந்தால் துரைமார்கள் மட்டை பிடித்துப் பயிற்சி எடுக்கப் பந்து போடுவது என்று வேலை. இடதுகைச் சுழற்பந்து அங்கேதான் பழுத்தது. கிரெய்க் என்ற ஆங்கிலேய அதிகாரி, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் 8 அணா கொடுத்தார் என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் பந்து போட வைத்த அந்த கிளப், ஒருமுறைகூட மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை.

அதே ஊரில் இந்துக்களின் கிளப்பும் இருந்தது. வெள்ளைக்காரர் அணியை வென்று காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. வெறும் விளையாட்டு ஆசையல்ல அது; ஆளுகிறவனை அவன் ஆட்டத்திலேயே வீழ்த்தும் ஆசை. அதற்கான ஆயுதம் எதிரியின் மைதானத்திலேயே உருளை இழுத்துக்கொண்டிருந்தது. சேர்க்கலாமா கூடாதா என்று கிளப்புக்குள் பெரிய விவாதம். தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள், உள்ளூர் பிராமணர்கள் முகம் சுளித்தார்கள். பாலூவை விட்டால் நஷ்டம் இந்துக்களுக்குத்தான் என்று கிரெய்க்கே சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. மைதானத்தின் கதவு மட்டும்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். பூனாவின் வெள்ளைக்காரர்கள் தோற்றார்கள். சாத்தாராவிலிருந்த வெள்ளைக்காரர் கிளப், பந்து திரும்பவே கூடாது என்று ஒரு வாரம் ஆடுகளத்தை உருட்டி மழுக்கி வைத்தது. பாலூ அங்கேயும் 7 விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியதும் பாராட்டு விழா. நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே மாலை போட்டார். சேர்ந்து விளையாட முடிந்தால் சேர்ந்து சாப்பிடவும் முடியவேண்டும் என்று சாதி இந்து ஆட்டக்காரர்களிடம் அவர் சொன்னதாகப் பதிவு உண்டு.

பிளேக் நோய்க் காலத்தில் பாலூ பம்பாய் போனார். ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவுக்காக ஆட்டம். அங்கே எதிரி இன்னும் பெரியது. வெள்ளைக்காரர் மட்டுமே உறுப்பினராக முடிந்த பாம்பே ஜிம்கானா. 1906 பிப்ரவரியில் இரண்டும் மோதின. இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. வெற்றிக்கு 212 தேவை என்று இறங்கிய ஐரோப்பியர் 102-க்குச் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசம். பாலூவோடு அவர் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார். விட்டல், கண்பத் என்று இன்னும் இரு தம்பிகள் பின்னால் வந்தார்கள்.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அகில இந்திய அணி, ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் தோற்றது. தோள்வலியோடு ஆடிய 35 வயது பாலூ மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய வரவேற்பில் வாழ்த்து மடல் தயாரித்தவர் இளைஞர் பீமராவ் அம்பேத்கர். தேர்தல் களத்தில் இதே இருவரும் எதிரெதிராக நின்றது பின்னாள் கதை. 1932-இல் நம் எம்.சி. ராஜாவின் பக்கம் நின்ற பாலூ, 1937-இல் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்தார். அம்பேத்கர் 13,245, பாலூ 11,225. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்காக அவர் பந்துவீச்சை மறந்துவிட முடியாது.

வெள்ளைக்காரனோடு நடந்த போட்டியில் வெற்றி 1906-லேயே வந்துவிட்டது. சொந்த கிளப்போடு நடந்த போட்டிதான் இழுத்துக்கொண்டே போனது. அணியின் மூத்தவர், சிறந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பாலூவுக்கு கேப்டன் பதவி மட்டும் வரவில்லை. கேட்டவர்கள் ஆண்டுதோறும் கேட்டார்கள். 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமைப் பொறுப்பு விட்டலைத் தாண்டி பூனா பிராமணரான டி.பி. தியோதரிடம் போனது. தியோதர் மோசமான ஆட்டக்காரர் அல்ல. கோளாறு தேர்வு செய்தவர்களிடம். விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்ததால் இந்த அவமானம் என்று வெளிப்படையாக அறிக்கையும் விட்டார்கள். சம்பளத்துக்கு உழைக்கும் இரண்டு பேர், பம்பாயின் பெரிய மனிதர்கள் நடத்திய கிளப்பை எதிர்த்து அப்படி எழுதியது சின்ன விஷயமில்லை. ஊர் அவர்கள் பக்கம் நின்றது. கிளப் இறங்கிவந்து பாலூவைத் துணை கேப்டனாக்கியது. ஆட்டத்தின் நடுவில் கேப்டன் பை களத்தை விட்டு வெளியேற, கொஞ்ச நேரம் பாலூ அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

1923-இல் விட்டல் முழு கேப்டனானார். அந்த ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்று கோப்பையைப் பிடித்தார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் சாதி இந்துக்களும் இருந்தார்கள்.

பாலூ 1955 ஜூலையில் பம்பாயில் இறந்தார். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட் 179, ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 15 சொச்சம். தியோதர் பெயரில் 1973-இல் ஒரு தேசியக் கோப்பை தொடங்கப்பட்டது. பாலூ பெயரில் அப்படி ஒன்று இல்லை.