தானியங்கிக் காரும் மறந்துபோன எண்ணெயும்

மைசூரில் வாழும் நமக்கு கியர் எண்ணெய் புதிய செய்தியன்று. யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. அவற்றில் கியர் நெம்புகோலைக் காலால் அழுத்தினாலே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் வேறு, கியர் பெட்டியில் ஊற்றும் எண்ணெய் வேறு என்பதும் அந்த வண்டியை ஓட்டியவர்களுக்கெல்லாம் அத்துப்படி.

இன்று நம் சங்க உறுப்பினர் வீடுகளில் தானியங்கிக் கியர் கொண்ட கார்கள் பெருகிவிட்டன. ஆனால் கியர் எண்ணெய் பற்றிய அந்தப் பழைய அறிவு மட்டும் கைவிட்டுப் போயிற்று. "இது ஆயுட்கால எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று ஒரு பணிமனையில் என்னிடமும் சொன்னார்கள். யாருடைய ஆயுட்காலம் என்று கேட்டேன்; பதில் வரவில்லை. இசட்.எஃப். என்ற ஜெர்மானிய நிறுவனம் பல உயர்ரகக் கார்களுக்குத் தானியங்கிக் கியர் பெட்டி செய்து தருகிறது. அந்நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெயை மாற்றச் சொல்கிறது.

அந்த எண்ணெய்க்கு அப்படி என்ன வேலை? பற்சக்கரங்களுக்கு மசகாக இருக்கிறது. வெப்பத்தை வாங்கி வெளியே கடத்துகிறது. தன் அழுத்தத்தால் கிளட்சுகளை இயக்குகிறது. அந்தக் கிளட்சுகள் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்கவும், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவும் வேண்டிய உராய்வையும் அதுவே தருகிறது. கடைசி வேலைதான் மிகவும் நுட்பமானது. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழுத் தானியங்கிக் கியர் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் இந்த உராய்வுக்காகத் திமிங்கல எண்ணெயையே சேர்த்து வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்ததும் வேதியியலார் மாற்றுச் சேர்மங்களைத் தேடவேண்டியதாயிற்று.

இந்தச் சேர்மங்களுக்கு எதிரி வெப்பம். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. நம்மில் பலர் கோவைக்கும் ஈரோட்டுக்கும் சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம் வழியாகப் போய் வருகிறோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஊரிலிருந்து திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் பெற்றோரும் பிள்ளைகளுமாக, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபடியே அந்த ஏற்றத்தில் ஏறுகிறோம். எண்ணெய் மிகவும் சூடாவது அப்போதுதான். 2013 முதல் அப்பகுதி புலிகள் காப்பகம். வயதான தாயாரை உட்கார வைத்துக்கொண்டு அங்கே வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்பதை எண்ணிப் பாருங்கள்.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் தேவை. தானியங்கி என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு வகை. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. ஆகவே அதற்குச் சாதாரண கியர் எண்ணெய். டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு ஏ.டி.எஃப். எனப்படும் எண்ணெய். சி.வி.டி.யில் இரு கப்பிகளுக்கிடையே பட்டையோ சங்கிலியோ ஓடுவதால் அதற்கெனத் தனி எண்ணெய். நான்காவது இரட்டைக் கிளட்ச் வகை. இதிலும் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பது ஒன்று, உலர்ந்திருப்பது மற்றொன்று. ஒன்றின் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் கியர் பெட்டியே வீணாகலாம். நிறத்தையோ கடைக்காரர் சொல்லையோ நம்பாமல் கையேட்டிலுள்ள தர எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 குதிரைத்திறன்; ஆறு கியர் கொண்ட, மூழ்கிய வகை இரட்டைக் கிளட்ச். இதற்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். நான் அருகில் நின்று பார்த்த வேலையைச் சொல்கிறேன்.

முதலில் காரை நான்கு பக்கமும் சமமாக உயர்த்தினார்கள். சாய்ந்திருந்தால் அளவு தவறிவிடும். அடிப்பிளக்கைக் கழற்றியதும் கொஞ்சம்தான் வடிந்தது. அந்தத் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கிறது. அதையும் கழற்றிய பிறகே மிச்சம் கொட்டியது. மேற்புறத்திலுள்ள வடிகட்டியை மாற்றிவிட்டு, குழாயைத் திரும்பப் பொருத்தி, ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் புதிய எண்ணெயை ஏற்றினார்கள். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் கியரைப் போட்டு எடுத்தார்கள்.

அளவு பார்ப்பதுதான் முக்கியம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 35 முதல் 45 பாகை செல்சியசுக்குள் இருக்கையில் அடிப்பிளக்கைத் திறக்க வேண்டும். வெப்பநிலையைக் கணினிக் கருவி காட்டும். அதிகமாக உள்ளது குழாய் வழியே வழிந்து, பின் சொட்டுச் சொட்டாகும்போது புதிய வாஷருடன் பிளக்கை மூட வேண்டும். எண்ணெய் சூட்டில் விரியும் என்பதால், மிகச் சூடாக இருக்கும்போது பார்த்தால் தேவையானதும் வழிந்துபோகும். வீட்டு வாசலில் ஜாக்கியை முட்டுக்கொடுத்துக் காருக்கடியில் புகுந்து செய்யும் வேலையன்று இது. கருவியுள்ள பணிமனையில் செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கார் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியதும் இந்த ரசீதைத்தான்.

ஓட்டும் முறையும் எண்ணெயைக் காக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். இரட்டைக் கிளட்ச் அப்போது வழுக்கி வெந்துபோகும். பிரேக்கைப் பிடியுங்கள். வரிசையில் அங்குலம் அங்குலமாக நகராமல், சற்று இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள். இறக்கத்தில் கியரைக் கையால் தாழ்த்திக்கொண்டால் பிரேக்கும் சூடேறாது. கியர் விழத் தாமதம், உதறல், கருகிய வாடை இவற்றில் ஏதேனும் தெரிந்தால், கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் புறப்படும் முன், டயரில் காற்றுப் பார்ப்பதுபோல் காரின் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்குமாறு சங்க அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சில ஆயிரங்களில் முடியும் வேலையைத் தள்ளிப்போட்டால், பின்னர் லட்சங்களில் கணக்குப் பார்க்க நேரும்.