உப்பளமும் கதிரவனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பை விளைவிப்பவை வெயில், காற்று, மனித உழைப்பு என்பதை யாவரும் அறிவர். நான்காவதாக ஒன்றும் தேவை. அதுதான் பம்பு. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், பரந்து கிடக்கும் பாத்திகளையும் வெண்ணிறக் குவியல்களையும் கண்டு மகிழ்கின்றனர். உவர்நீரைப் பாத்திக்கு ஏற்றும் எஞ்சினை நினைத்துப் பார்ப்போர் சிலரே. அந்த எஞ்சினுக்கு ஆகும் செலவையும், அதைக் குறைக்க முதல் எங்கிருந்து வரும் என்பதையும் சிறிது ஆராய்வோம்.

கணக்கு சொல்லும் உண்மை

உவர்நீரின் செறிவைப் 'போமே' பாகையில் அளப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 பாகை இருக்கும். வெயிலில் வற்றி 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரை 3 மீட்டர் உயரம் ஏற்ற 30 ஜூல் போதும். ஆகவே கதிரவன் செய்யும் வேலை, பம்பு செய்யும் வேலையைப்போல் 80,000 மடங்கு! அத்தனை வேலையும் இனாமாக நடக்கிறது. மீதமுள்ள ஒரு பங்கு வேலைக்குத்தான் உப்பளத்தார் டீசல் வாங்குகிறார்.

அந்த ஒரு பங்கையும் முதலில் சிக்கனமாகச் செய்யவேண்டும். குறுகிய குழாயும், தேவையற்ற வளைவுகளும், ஒழுகும் கால்வால்வும் எரிபொருளை வீணாக்குகின்றன. இவற்றைச் சீராக்கினால் சிறிய பம்பே போதும். பம்பு சிறியதானால் சூரியப் பலகைகளும் குறையும்.

சூரிய பம்பு உப்பளத்துக்கு இயல்பாகவே பொருந்தும். வெயில் காயும் நாளில் நீர் விரைவாக வற்றும். பாத்திக்கு நீரும் அதிகம் தேவைப்படும். அன்றே பலகையும் மிகுதியாக மின்சாரம் தரும். மேகம் மூடினால் இரண்டும் ஒன்றாகக் குறையும். ஆதலால் மின்கலம் வைத்துச் சேமிக்கத் தேவையில்லை. உப்புநீர் அரிக்காத உலோகத்தில் பம்பு அமையவேண்டும். 2020 நவம்பரில் நிவர் புயலைக் கண்ட கரை இது. மழைக்காலத்தில் பலகைகளைக் கழற்றிவைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

பணம் எங்கே நிற்கிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். நாளொன்றுக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய், ஆண்டில் 150 நாள் வேலை என்று கொண்டால் செலவு 54,000 ரூபாய். 3 குதிரைத்திறன் சூரிய பம்பின் விலை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டியை நீக்கிப் பார்த்தால் நான்கு ஆண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும். பலகையோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும்.

விவசாயிக்கு இது இன்னும் எளிது. மத்திய அரசு 2019-இல் தொடங்கி, பின்னர் 2026 மார்ச் வரை நீட்டித்த 'குசும்' திட்டத்தின் விதி இவ்வாறு அமைந்தது: பம்பின் நிர்ணய விலையில் 30 விழுக்காடு மத்திய அரசின் மானியம், குறைந்தது 30 விழுக்காடு மாநில அரசின் மானியம், எஞ்சிய 40-இல் 30 விழுக்காட்டுக்கு வங்கிக் கடன் பெறலாம், விவசாயி கைப்பணமாகத் தருவது 10 விழுக்காடே. மேற்சொன்ன 2 லட்சம் ரூபாய் பம்பு அவருக்கு 80,000 ரூபாயில் முடிந்துவிடும்.

ஆனால் அது பாசனத்துக்காக வகுக்கப்பட்ட திட்டம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. உப்பு உற்பத்தியின் ஒழுங்குமுறையோ மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனம். அதற்கான ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, விளைச்சலை வாரினாலும் உப்பளத்தார் விவசாயி ஆகமாட்டார். நிலமும் பெரும்பாலும் குத்தகை நிலம். வங்கியில் ஈடுகாட்டப் பட்டா இல்லை. ஆகவே அவர் உப்பு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். டீசலுக்காக வாங்கிய அந்த முன்பணமே பிறகு உப்பின் விலையையும் தீர்மானித்துவிடுவதை, உப்பளக் கூலிக் குடும்பத்தில் பிறந்த நான் கண்டிருக்கிறேன். விலை குறைந்தால் கூலி உயராது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

குஜராத் காட்டிய வழி

இதற்கு வழியே இல்லையா? உண்டு. குஜராத்தின் சிறிய கட்ச் ரண் பகுதியில் அகரியா என்னும் உப்பளத்தார், நிலத்தடி உவர்நீரை டீசல் எஞ்சினால் இறைத்துவந்தனர். அவர்களுக்கும் வியாபாரியின் முன்பணமே கதியாக இருந்தது. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் தொடங்கிய 'சேவா' என்னும் சுயதொழில் மகளிர் சங்கம், அங்குள்ள உப்பளப் பெண்கள் கடன்பெற்றுச் சூரிய பம்பு வாங்க வழிசெய்தது. டீசலில் மிஞ்சிய பணமே தவணையாயிற்று. குஜராத் அரசும் பின்னர் உப்பளத்தாரின் சூரிய பம்புக்கு மானியம் வழங்கியது. விதியில் இடமில்லையென்றால் புதிய விதி எழுதலாம் என்பதற்கு இது சான்று.

செய்யவேண்டியவை

மரக்காணத்துக்கும் மூன்று ஏற்பாடுகள் தேவை என்பது என் கருத்து. முதலாவது, உப்பளத்தாரையும் பம்பு மானியத்துக்கு உரியவராக்கும் அரசாணை. இரண்டாவது, உப்பு வாரும் மாதங்களில் மட்டும் தவணை கட்டும் கடன். மழைக்காலத்தில் வருமானமே இல்லாதவரிடம் மாதத் தவணை கேட்பது முறையன்று. மூன்றாவது, பம்பையே ஈடாக ஏற்று, சங்கமாகவோ குழுவாகவோ சேர்ந்தோருக்குக் கூட்டுப் பொறுப்பில் கடன். குத்தகைக் காலம் கடன் காலத்தைவிடக் குறையாமல் இருப்பதும் அவசியம்.

மாணவ நண்பர்களே! வகுப்பில் ஜூல் கணக்கைப் போடும் நாம், அதே கணக்கை உப்பளத்தாருக்கு ரூபாய்க் கணக்காக எழுதிக்கொடுக்கலாம். வங்கிக்கு விண்ணப்பம் எழுத உதவலாம். பேராசிரியர்கள் வழிகாட்டினால் நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றில் ஐந்தாறு உப்பளங்களின் டீசல் செலவை நாமே அளந்து, மாவட்ட ஆட்சியரிடம் அறிக்கையாக அளிக்கலாம். எண்பதாயிரம் பங்கு வேலையைக் கதிரவன் செய்துதருகிறான். மிஞ்சிய ஒரு பங்குக்காக ஒரு குடும்பம் கடன்படாமல் இருக்க வழி காண்பது நம் கடமை.