தேடி வந்தால்தான் திறமை தெரியும்

நோர்வூட் மைதானத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆடுவதைக் காணும்போது, இவர்களைத் தேடி யார் வருவார்கள் என்றே யோசிக்கிறேன். அணிகளின் பணத்தில் பெரும்பங்கு நட்சத்திர வீரர்களுக்கே போகிறது. தேடலுக்கும் பயிற்சிக்கும் மிஞ்சுவது சொற்பம்.

ஆனால் பணம் குறைந்த அணிக்குத் தேடலே முதலீடு. 2002இல் அமெரிக்க பேஸ்போல் அணியான ஓக்லண்ட், பிறர் குறைத்து மதிப்பிட்ட வீரர்களைத் தேடிப்பிடித்தது. நியூயோர்க் யாங்கீஸின் சம்பளச் செலவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குடன் அதேபோல் 103 வெற்றிகள் பெற்றது.

2020இல் லங்கா பிரீமியர் லீக்கின் யாழ்ப்பாண அணி, உள்ளூர் இளைஞர் வியாஸ்காந்தைக் களமிறக்கியது. 2024இல் அவர் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடினார்.

கண்டியில் பாடசாலைப் பயிற்றுநர் சொல்லித்தான் முரளிதரன் சுழற்பந்துக்கு மாறினார். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் பிறந்தன. நோர்வூட்டுக்கும் முதலில் வேண்டியது அப்படியொரு பயிற்றுநரே. அவருக்கான சம்பளம், ஒரு நட்சத்திர வீரரின் விலையில் சிறு துளி.