லாரி பேட்டரியில் மடிக்கணினி ஓடுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், வழி நெடுகிலும் லாரிகள்தாம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நாடெங்கும் செல்கின்றன. இப்பகுதி மாணவர் பலரின் வீட்டில் தந்தையோ மாமாவோ அண்ணனோ லாரித் தொழிலில் இருப்பார்.

அப்படிப்பட்ட மாணவர் ஒருவர் 2012-ஆம் ஆண்டில் என்னிடம் படித்தார். அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டு, 2011 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அவருக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தது. நாளில் பல மணி நேரம் வீட்டில் மின்சாரம் இராது. வாசலிலோ தந்தையின் லாரி நின்றது. அதில் பேட்டரியும் இருந்தது. 'இதிலிருந்து கணினியை ஓட்டினால் என்ன?' என்று எண்ணினார்.

லாரியின் மின்னழுத்தம் 24 வோல்ட். கணினிக்கு வேண்டியது 19 வோல்ட். அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 2.37 ஆம்பியர் என்று அடாப்டரின் மேல் அச்சிட்டிருந்தது. மிகுதியான 5 வோல்ட்டை ஒரு மின்தடையில் இழக்கச் செய்தால் போதும் அல்லவா? ஓம் விதிப்படி 5-ஐ 2.37-ஆல் வகுத்தார், 2.1 ஓம் வந்தது. பழைய மின்அடுப்பின் கம்பிச்சுருளில் ஒரு துண்டை வெட்டி, இடையில் இணைத்தார். கணினி ஓடியது. ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பிறகு அது உயிர் பெறவே இல்லை.

மறுநாள் கணினியோடு வந்து நின்றார். "ஓம் விதிப்படிதானே சார் போட்டேன், எங்கே தப்பு?" என்று கேட்டார். அந்த விதியை வகுப்பில் நடத்தியவன் நான்தான்.

எங்கே தவறு?

அவருடைய வகுத்தலில் தவறில்லை. மின்னோட்டம் எப்போதும் 2.37 ஆம்பியராகவே இருக்கும் என்று எண்ணியதுதான் தவறு. கணினியினுள் இருக்கும் பேட்டரி நிறைந்துவிட்டால் அது இழுக்கும் மின்னோட்டம் குறைந்துவிடும். அரை ஆம்பியராகக் குறைந்தது என்று கொள்வோம். அப்போது 2.1 ஓம் மின்தடையில் இழக்கப்படுவது ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே. மீதி 23 வோல்ட்டும் கணினியின் மேல் விழும்.

மறுபக்கத்தில் லாரியின் 24 வோல்ட்டும் நிலையானது அன்று. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும். அப்போது மின்னழுத்தம் 28 வோல்ட் வரை உயரும். கார்களிலும் இப்படியே. நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருப்பது, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம்.

ஆகவே தருபவரும் மாறுகிறார், பெறுபவரும் மாறுகிறார். இடையில் உள்ள கருவி, இருபக்கமும் என்ன நேர்ந்தாலும் 19 வோல்ட்டை மாறாமல் காக்க வேண்டும். வெறும் மின்தடையால் இது இயலாது.

கம்பிச்சுருளின் திறமை

மின்மாற்றியைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கலாம். மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்தில்தான் இயங்கும். பேட்டரி தருவதோ நேர்த்திசை மின்னோட்டம். அதில் காந்தப்புலம் மாறுவதில்லை. ஆகவே மின்தூண்டலும் இல்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இது.

மாறாத ஓட்டத்தை நாமே விட்டுவிட்டு அறுத்தால் என்ன? இங்குதான் வழி பிறக்கிறது. பம்ப்செட்டின் குழாயில் நீர் வேகமாகப் பாயும்போது அடைப்பானைச் சட்டென்று மூடினால் குழாய் அதிருமே, பார்த்திருக்கிறீர்களா? ஓடும் நீர் நிற்க மறுத்து, அழுத்தத்தைத் திடீரென உயர்த்துகிறது. கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டமும் அப்படியே. அதை அறுக்க முயன்றால் சுருள் தன் இரு முனைகளுக்கிடையே ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டி, ஓட்டத்தைத் தொடரச் செய்யும். இதுவே தன்மின்தூண்டல்.

காரில் 12 வோல்ட்டை 19 ஆக உயர்த்த வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் சாவி போல இயங்கி, சுருளைப் பேட்டரியோடு இணைக்கிறது. சுருளில் மின்னோட்டம் வளர்கிறது. சாவி திறந்ததும் சுருள் தன் பங்காக 7 வோல்ட்டைச் சேர்க்கிறது. 12-உம் 7-உம் சேர்ந்து 19! இது ஒரு டையோடு வழியாக மின்தேக்கியை நிரப்புகிறது. சாவி மூடியிருக்கும் சிறு நேரத்தில் மின்தேக்கியே கணினிக்கு மின்சாரம் அளிக்கிறது. இவ்வாறு சாவி ஒரு நொடியில் இலட்சம் முறைக்கு மேல் மூடித் திறக்கிறது.

எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும்? நூறு பங்கில் 37 பங்கு. சரிபார்ப்போம். மூடியிருக்கும்போது சுருளின் மேல் 12 வோல்ட்; 12 × 37 = 444. திறந்திருக்கும்போது 7 வோல்ட்; 7 × 63 = 441. ஏறக்குறைய சமம். சுருள் பெற்றதும் தந்ததும் ஈடாகிவிட்டன.

லாரியில் 24-ஐக் குறைக்க வேண்டும். அதற்கும் இதே உறுப்புகள்தாம். இணைக்கும் முறைதான் வேறு. அங்கே சாவி நூறில் 79 பங்கு நேரம் மூடியிருக்கும். (24-இல் 79 விழுக்காடு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.) லாரியில் 28 வோல்ட் வந்தால் மூடும் நேரத்தை 68 பங்காகக் கருவி தானே குறைத்துக்கொள்ளும். வெளிவரும் மின்னழுத்தத்தை அது இடைவிடாமல் அளந்துகொண்டே இருப்பதால் இது முடிகிறது. மாணவரின் மின்தடைக்கு இல்லாதிருந்தது இந்தக் கண்தான்.

கம்பியும் ஃபியூசும்

45 வாட் கணினிக்கு, கருவியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, வண்டியிலிருந்து 50 வாட் எடுக்க வேண்டும் என்று கொள்வோம். 12 வோல்ட் காரில் இது 4.2 ஆம்பியர், 24 வோல்ட் லாரியில் 2.1 ஆம்பியர். இணைப்புக் கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்றால், காரில் கம்பி 3.5 வாட் வெப்பத்தை வீணாக்கும், லாரியில் 0.9 வாட் மட்டுமே. மின்னழுத்தம் இருமடங்கானால் கம்பியின் வெப்பம் நாலில் ஒரு பங்காகிறது. பெரிய எஞ்சினைச் சுழற்ற வேண்டிய லாரிகளுக்கு 24 வோல்ட்டைத் தேர்ந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

'12 வோல்ட்தானே, தொட்டால்கூட அடிக்காதே' என்று அலட்சியம் கூடாது. பேட்டரியின் அகமின்தடை மிகக் குறைவு. அதன் முனைகள் குறுக்கே இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். ஆகவே ஃபியூஸ் கட்டாயம். அதைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். ஃபியூசுக்கு அப்பால் உள்ள கம்பிக்குத்தான் அது காவல். எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளில் சிறு பொறியும் பேராபத்து. அவற்றில் நாமாக ஒரு கம்பிகூட இழுக்கக் கூடாது.

நடுவிலிருந்து எடுக்கலாமா?

லாரியின் 24 வோல்ட் என்பது, தொடராக இணைந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள்தாம். டேப் ரெக்கார்டருக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் உண்டு. இது பேட்டரிக்குச் செய்யும் கேடு. ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தையே ஏற்றுகிறது. செலவழித்த பேட்டரி நிறையாமலே கிடக்கும். செலவழிக்காததோ அளவுக்கு மீறி ஏற்றம் பெற்று, நீர் வற்றிக் கெடும். இரண்டும் விரைவில் ஆயுள் முடியும்.

எத்தனை மணி நேரம்?

சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொண்டது என்போம். அதில் பாதிக்கு மேல் எடுத்தால், நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற வலு போதாமல் போகலாம். பாதி என்பது 17.5; அதை 4.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 மணி நேரம். எஞ்சினை நிறுத்திவிட்டு அதற்கு மேல் வேலை செய்தால், வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்!

இன்று '12/24 வோல்ட்' என்று குறித்த கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. 12 மட்டும் குறித்ததை லாரியில் செருகக் கூடாது. புதிய மடிக்கணினிகள் பல யு.எஸ்.பி.-சி முறையில் மின்னேற்றம் பெறுகின்றன. அதில் கருவியும் கணினியும் முதலில் 5 வோல்ட்டில் தொடர்பு கொண்டு, பின்னரே 20 வோல்ட் வரை உயர்கின்றன.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டரை நேர்த்திசை 50 வோல்ட் அளவில் வையுங்கள். வண்டி ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் துணையோடு, பேட்டரியின் முனைகளில் மூன்று முறை அளவெடுங்கள்: எஞ்சின் நிற்கும்போது, ஸ்டார்ட்டர் சுழலும்போது, எஞ்சின் ஓடும்போது. சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையோ துணியோ போக வேண்டாம்.

நான் ஓம் விதியை நடத்தும்போது இப்போதெல்லாம் இந்த மூன்று அளவுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டே பாடத்தைத் தொடங்குகிறேன்.