வானம் பார்க்கும் பூமி

புனேக்கு வடமேற்கே அமைந்துள்ள தளேகாவ் ஒரு தொழில் நகரம். தொழிற்சாலைகளின் நீண்ட தகரக் கூரைகளும், மலர் பயிரிடும் பசுமைக் குடில்களும், அடுக்குமாடி வீடுகளும் அங்கே அருகருகே விளங்குகின்றன. இத்தகைய ஊரொன்றில் எத்தனை கூரைகளின்மீது சூரிய மின்தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன? இது வீண் கேள்வியன்று. மேகமொன்று கடந்து செல்லுங்கால் தகடுகள் அனைத்தும் ஒருசேர உற்பத்தியைக் குறைத்துவிடும். எந்தத் தெருவில் எத்தனை உள்ளன என்றறிந்தால்தான் மின்சாரம் வழங்குவோர் மாற்று ஏற்பாடு செய்ய இயலும். ஏணி வைத்து ஏறி எண்ணுவது ஆகாத காரியம். ஆகவே, வானிலிருந்து எண்ணும் வழியை அறிஞர்கள் நாடினர்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 துணைக்கோள்கள் 2015 முதல் சுமார் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் படமெடுத்து வருகின்றன. அப்படங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். படத்தில் தகட்டைக் கண்டுகொள்ளக் கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டும். குழந்தைக்குக் காக்கையைப் பலமுறை காட்டிப் பெயர் சொல்லித் தருகிறோம். முதலில் அது குயிலையும் காக்கை என்றே கூறும்; நாம் திருத்துகிறோம். கணிப்பொறியும் அவ்வாறே ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டு, பிழைபட்டு, திருந்திக் கற்கிறது. நீல வண்ணம் பூசிய தகரக் கூரையும் பசுமைக் குடிலும் அதனை ஏமாற்றக்கூடும். எனவே, மனிதரின் சரிபார்ப்பு இன்றியமையாதது.

சென்டினல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பத்து மீட்டர் சதுர நிலத்தைக் குறிப்பது. சிறு வீட்டின் தகடுகள் அதற்குள் மறைந்துபோம். ஆதலால், 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இன்னும் நுட்பமான படங்களைக் கொண்டு, தம் நாட்டில் சுமார் 14.7 லட்சம் இடங்களில் தகடுகள் இருப்பதைக் கண்டறிந்தனர்.

நிலப்பரப்பில் விரிந்து கிடக்கும் பெரு நிலையங்களைக் காண்பதற்கோ சென்டினல் படமே போதும். அவ்வாறு இந்தியாவில் 1,363 நிலையங்களைக் குறித்த ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளரும் ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்னும் அமைப்பினரும் அதில் ஈடுபட்டனர். கணிப்பொறி காட்டிய இடங்களை வல்லுநர் சரிபார்த்தனர். எண்ணிக்கையைவிட முக்கியமானது அவர்கள் கண்ட மற்றொன்று: நாட்டின் சூரிய மின் நிலையங்களில் 74 சதவீதத்திற்கு மேற்பட்டவை, பயிர்த்தொழிலுக்கோ இயற்கை வளத்தைக் காப்பதற்கோ உரிய நிலங்களில் அமைந்துள்ளன.

இச்செய்தி, ஊரில் பங்கு நிலத்தை விட்டுவிட்டு வந்த நமக்கு அயலானதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் தொடங்கப்பெற்ற 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுத் தரகர் வருங்கால், "தரிசுதானே" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அத்தரிசில் யாருடைய ஆடுகள் மேய்ந்தன என்பதைத் துணைக்கோள் அறியாது, ஊரார் அறிவர். படம் இடத்தைக் காட்டும். அதன் பயனை நாமே சொல்லவேண்டும்.

கூரையோ எவர் பயிரையும் விலக்குவதில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது. கூரைகள் பெருகப் பெருக வயல்களின்மீதுள்ள பளு குறையலாம்.

வானம் பார்த்த பூமியை இன்று வானமே பார்க்கிறது. அது காண்பதைப் படித்தறிந்து, எங்கே தகடு வேண்டும், எங்கே வேண்டா என்று சொல்வது நம் கடன்.