ஈஸ்டுக்குள் இயங்கிய மனித மரபணு

ஒற்றைச் செல் ஈஸ்டைப் பார்த்து மனிதச் செல் பிரியும் விதத்தைச் சொல்லிவிட முடியுமா? நியாயமான ஐயம்தான். 1987-இல் லண்டனில் மெலனி லீயும் பால் நர்ஸும் அதைச் சோதித்தே பார்த்தார்கள். சிடிசி2 மரபணு பழுதான பிளவு ஈஸ்ட், வெப்பம் கூடினால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகும். அதற்குள் மனித மரபணுக்களைச் செலுத்தியபோது, அவற்றில் குறிப்பிட்ட ஒன்றைப் பெற்ற செல்கள் மறுபடி பிரிந்து பெருகின. வெறும் உருவ ஒற்றுமையால் இது நடக்காது. மனிதப் புரதம் ஈஸ்டின் கட்டுப்பாட்டுக்கு இணங்கி, உரிய தருணத்தில் வேலை செய்திருக்கிறது.

சிடிசி2 தரும் புரதம் ஒரு நொதி; மனிதரில் இத்தகைய நொதிகள் பல, ஈஸ்டில் இந்த ஒன்றே முதன்மை என்ற மறுப்பும் சரியே. ஆனாலும் செல்லைப் பிரியத் தூண்டும் மையப் பணி இரண்டிலும் ஒரே குடும்ப நொதியிடம்தான் இருக்கிறது.